மீன் வண்டியில் பூ ஏற்ற வேண்டும்: பிக்கப்பை உள்ளும் புறமும் கழுவுவது எப்படி?

தோவாளைப்பூ (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு பழைய பொலேரோ பிக்கப் வாங்கினேன். 2016 மாடல், வெள்ளை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, டயர் பரவாயில்லை, விலையும் கைக்கு எட்டியது. ஏன் எட்டியது என்பது வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் புரிந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஆறு வருடம் மீன் லோடு அடித்த வண்டி. நான் பார்க்கப் போன அன்று நல்ல மழை. கழுவித் துடைத்து, ஊதுபத்தி கொளுத்தி, கண்ணாடியில் எலுமிச்சை சென்ட் தொங்கவிட்டிருந்தார்கள். மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. மறுநாள் வெயில் அடித்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது.

எனக்குப் பூ வேலை. தோவாளைச் சந்தையில் விடியற்காலையில் பிச்சியும் மல்லியும் ஏற்றிக் கேரளாவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். மீன் வாடை அடிக்கிற வண்டியில் எந்த வியாபாரி பூ ஏற்றுவார்? இரண்டு தடவை வாட்டர் சர்வீஸ் விட்டாயிற்று. சோப்புத்தூள், பினாயில், ஆப்ப சோடா எல்லாம் போட்டாயிற்று. இப்போது பினாயில் ஊற்றிய மீன் வாடை அடிக்கிறது. வழி சொல்லுங்கள்.

சும்மாவந்தவன்

வண்டியை விற்றுவிட்டு மீன் வியாபாரத்துக்குப் போய்விடுங்கள். செலவு மிச்சம்.

நுரைமன்னன்

அவரைக் கிண்டல் செய்யாதீர்கள். நண்பரே, நான் கோயம்புத்தூர். கார் கழுவுவது எனக்குப் பொழுதுபோக்கு, வீட்டில் பைத்தியம் என்கிறார்கள். வாடை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும், வெளிப்பக்கத்தை நான் சொல்கிறேன்.

சோப்புத்தூள் வேண்டாம். அது துணிக்கு. பெயின்ட் மேல் இருக்கும் மெழுகை ஒரே கழுவில் எடுத்துவிடும், ரப்பர் பீடிங்கையும் வறட்டும். கார் ஷாம்பூ வாங்குங்கள். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துடைக்கிற கையுறையை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். இல்லையென்றால் கதவில் எடுத்த மணலை பானட்டில் தேய்ப்பீர்கள். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்தை மட்டும் முதலிலேயே முடித்துவிடுங்கள், அதற்குத் தனி வாளி, தனி பிரஷ். வெயிலில் நிறுத்திக் கழுவக்கூடாது, சூடான பானட்டில் ஷாம்பூ காய்ந்து திட்டாகிவிடும்.

உங்கள் வெள்ளை மங்கிப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறதா? ஒட்டினால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல் பூச்சு) இல்லாத பெயின்ட். சந்தேகம் என்றால் பின்பக்க மூலையில் கொஞ்சம் பாலிஷ் போட்டுத் துணியைப் பாருங்கள். துணியில் வெள்ளை ஏறினால் அதேதான். அப்படியானால் காம்பவுண்டு (மங்கலைத் தேய்த்து எடுக்கிற பசை) கையால் ஒரு தடவை, மெழுகு ஒரு தடவை, போதும். முடிந்தால் கடைசியில் செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்கள், தண்ணீர் முத்து முத்தாக ஓடும்.

ஆறுசக்கரம்

லோடு வண்டிக்கு செராமிக் கோட்டிங்கா? கோழி கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட கதைதான். நாமக்கல்லில் இருந்து லாரி ஓட்டுகிறேன் தம்பி, 22 வருடம். முதல் நாள் கயிறு உரசினால் உன் கோட்டிங் போச்சு. கிலோக் கணக்கில் பனியன் வேஸ்ட் வாங்கித் துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

நுரைமன்னன்

அண்ணே, செராமிக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பனியன் வேஸ்டை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் தையல் இருக்கும், லேபிள் இருக்கும், சில நேரம் பட்டன்கூட இருக்கும். கிரீஸ் துடைக்க அதைவிட நல்லது இல்லை. பெயின்ட் மேல் வைத்தால் வட்டம் வட்டமாகக் கீறல். மைக்ரோஃபைபர் துணி நாலு வாங்கி, பெயின்டுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, கேபினுக்கு இரண்டு என்று பிரித்து வைத்தால் ஒரு வருடம் வரும். கம்ஃபர்ட் போட்டு அலசாதீர்கள், அப்புறம் தண்ணீரை உறிஞ்சாது.

உப்புக்காற்று

தூத்துக்குடியில் மூன்று தலைமுறையாக மீன் வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண் பேசுகிறேன். எங்கள் வீட்டில் வண்டி மூன்று. இந்த விஷயத்தில் நுரையெல்லாம் இரண்டாவதுதான், தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

மீன் கழுவிய கையை எப்படிக் கழுவுவோம்? சோப்புப் போட்டாலும் வாடை போகாது, கொஞ்சம் புளியைத் தேய்த்தால் போய்விடும். அதே கணக்குதான் வண்டிக்கும். மீன் செத்த பிறகு அதன் சதையில் டிரைமெத்தில் அமீன் என்று ஒன்று உண்டாகும், நாம் மீன் வாடை என்று சொல்வது பெரும்பாலும் அதுதான். வேதியியலில் அது காரம் (குழம்பில் போடுகிற காரம் இல்லை). சோப்புத்தூளும் ஆப்ப சோடாவும் காரப் பக்கம். காரத்தின் மேல் காரத்தைக் கொட்டி என்ன பயன்? புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். அது சேர்ந்ததும் அந்த அமீன் உப்பாக மாறிவிடும். பிறகு காற்றில் எழும்பாது, தண்ணீரோடு கரைந்து போகும். உங்கள் ஆப்ப சோடா ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது தெரிகிறதா?

ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம். மீன் ரத்தமும் சளியும் காய்ந்த இடத்தில் எடுத்ததுமே கொதிநீர் ஊற்றக்கூடாது, முட்டை மாதிரி வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பிரஷ் போட்டுச் சுரண்டி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். நன்றாக அலசிய பிறகுதான் வினிகர், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து. பத்து நிமிடம் விட்டு மறுபடி நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், பெயின்ட் போன தகரத்தில் அமிலம் நிற்கக்கூடாது.

இரண்டாவது, பிளீச்சிங் பவுடர். யாராவது இந்த இழையில் அதைச் சொல்லத்தான் போகிறார்கள். அதையும் வினிகரையும் சேர்த்தீர்களோ, குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் ஆசிடோடு சேர்த்தாலும் அதேதான். மூடிய கேபினுக்குள் அது விளையாட்டு இல்லை. இரும்பையும் அரித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று கேட்கிறேன் அண்ணாச்சி: பாடியில், அதாவது லோடு ஏற்றுகிற பின்பகுதியில், தரைக்கு மேல் பிளைவுட் இருக்கிறதா?

தோவாளைப்பூ

இருக்கிறது அக்கா. பிளைவுட், அதன் மேல் அலுமினியத் தகடு. உறுதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

உப்புக்காற்று

கழற்றுங்கள். இன்றைக்கே.

சர்வீஸ்கடை

வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், ஊர் வேண்டாம். இரண்டு தடவை விட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறார். நாங்கள் மேலே அடிக்கிற தண்ணீர் தகட்டுக்கு அடியில் எப்படிப் போகும்? போனாலும் எப்படி வெளியே வரும்? இன்னும் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். குறை சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். பிரஷர் கன்னை ரேடியேட்டருக்கு நேரே கிட்டத்தில் பிடித்தால் அதன் தகடுகள் மடங்கிவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது தண்ணீர் அடிக்கக்கூடாது. ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய், இந்த மூன்றையும் பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். எங்கள் பையன்கள் கட்டுவார்கள், ஆனால் நீங்கள் நின்று பார்த்தால் நன்றாகக் கட்டுவார்கள். பெயின்டுக்கு ஓர் அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒட்டியிருக்கிற ரிஃப்ளெக்டர் பட்டை பக்கம் இன்னும் தள்ளி. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அது பிய்ந்துபோனால் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கிற அன்று திரும்ப ஒட்ட அலைய வேண்டும்.

கழுவி முடித்துக் கடையை விட்டுக் கிளம்பும்போது மெதுவாக ஓட்டி நாலு தடவை பிரேக் மிதியுங்கள். பின் டிரம்முக்குள் தண்ணீர் இருந்தால் முதல் மிதியில் பிடிக்காது. ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு இரண்டு மூன்று நாள் நிறுத்தினாலும் ஷூ ஒட்டிக்கொள்ளும்.

ஆறுசக்கரம்

கடைக்காரரே, கடைசியில் ஸ்பிரிங் பட்டைக்கும் சேஸிஸுக்கும் (அடிச்சட்டம்) டீசல் அடிப்பீர்களே, அதைச் சொல்லவில்லையே? அது அடித்தால்தான் கிரீச் சத்தம் போகும்.

சர்வீஸ்கடை

கேட்டால் அடிப்போம். அடிக்கவில்லை என்றால் வேலை சுத்தமில்லை என்கிறார்கள். என் சொந்த வண்டிக்கு அடிப்பதில்லை.

பழைய டிங்கர்

இவர் உண்மையைச் சொல்லிவிட்டார், அதனால் நானும் வருகிறேன். டீசல் பட்டால் புஷ் ரப்பர் உப்பி மெதுவாகிக் கிழியும். இரண்டு நாள் சத்தம் நிற்கும், அப்புறம் அந்தப் பிசுபிசுப்பில் ரோட்டுப் புழுதி முழுக்க வந்து அப்பும். அதற்குப் பதில் கழுவிய கையோடு கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் புது கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸும் உள்ளே போன தண்ணீரும் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும்.

தோவாளைத் தம்பி, பிளைவுட்டைக் கழற்றினால் அடியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கழற்றிவிட்டுப் படம் போடு, பேசுவோம்.

தோவாளைப்பூ

கழற்றிவிட்டேன். படம் போட்டிருக்கிறேன், சாப்பிடும்போது பார்க்காதீர்கள்.

அலுமினியத் தகட்டைப் பெயர்க்கவே அரை நாள். போல்ட் எல்லாம் துருப்பிடித்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிளைவுட் நனைந்த ரொட்டி மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. அதன் அடியில் கறுப்பாக ஒரு விரல்கடை உயரத்துக்குச் சேறு. சேறு என்று சொல்வது மரியாதைக்கு. செதில், தெர்மோகோல் துகள், ஒரு முழு நண்டு ஓடு. அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் வேலை முடியும் வரை கூடவே இருந்தது.

உப்புக்காற்று அக்கா சொன்ன வரிசையில் செய்தேன். பச்சைத் தண்ணீர், சுரண்டல், ஷாம்பூ, கடைசியில் வினிகர். ஐந்து லிட்டர் கேன் இரண்டு காலி. பாடியில் வாடை முக்கால்வாசி போய்விட்டது, பொய்யில்லை. ஆனால் இரண்டு பிரச்சினை. தரையில் இரண்டு இடத்தில் தகரம் ஓட்டையாகி ரோடு தெரிகிறது. கேபினுக்குள் ஏறினால் இன்னும் அதே வாடை.

பழைய டிங்கர்

ஓட்டையைப் பார்த்துப் பயப்படாதே. மீன் பெட்டியில் ஐஸ் உருகி வருவது உப்புத் தண்ணீர், பிளைவுட் அதைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருந்தது. ஆறு வருடத்தில் இரண்டு ஓட்டையோடு தப்பித்ததே பெரிது. ஓட்டையைச் சுற்றி நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் பண்ணச் சொல். பட்டி வைத்து மூடித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு. வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும்.

மற்ற இடத்துத் துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர்) என்கிற திரவத்தை அடி. துரு கறுப்பாக மாறும். அதன் மேல் பிரைமர், அப்புறம் பெயின்ட். ஈரத்தின் மேலேயோ உதிர்கிற துருவின் மேலேயோ கறுப்பு அண்டர்கோட் அடித்துவிடாதே. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். ஆடிக் காற்று அடிக்கிறது, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு அடி.

அடியில் படுத்துப் பார்க்கும்போது இதையும் பார்: சேஸிஸ் சட்டத்திலும் கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும், எல்லாம் அடைத்திருக்கும், ஒரு கம்பியை விட்டுக் குத்திவிடு. ஸ்டெப்னியை இறக்கிவிட்டு அந்த இடத்தைக் கழுவு, அங்கே யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்தில் பெயின்டைக் கெட்டியாக அடித்து மூடிவிடாதே. எஃப்சிக்குப் போகும்போது பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும், எழுத்து விழவில்லை என்றால் அன்றைய நாள் வீண்.

நுரைமன்னன்

கேபினை நான் பார்த்துக்கொள்கிறேன். தோவாளை நண்பரே, சீட்டைக் கழற்றினீர்களா? தரை மேட்டைத் தூக்கினீர்களா?

தோவாளைப்பூ

சீட்டை நன்றாகத் துடைத்தேன். மேட்டை எடுத்து வெயிலில் போட்டேன்.

நுரைமன்னன்

மேலே கிடக்கிற ரப்பர் மேட்டைச் சொல்லவில்லை. அதற்கு அடியில் தரையோடு ஒட்டி ஒரு விரிப்பு இருக்கும், அதன் வயிற்றில் கம்பளி மாதிரி ஒரு அடுக்கு. டிரைவர் ஈரக் காலோடு, ஈரக் கைலியோடு ஆறு வருடம் ஏறி இறங்கியிருக்கிறார். அந்த அடுக்கு குடித்த தண்ணீர் வெளியே வரவே இல்லை. சீட்டைக் கழற்றி, விரிப்பை வெளியே எடுங்கள். (வேறு வண்டிக்காரர்கள் இதைப் படித்தால்: சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்குக்குப் போவது, நீங்களே கை வைக்க வேண்டாம்.)

அந்தக் கம்பளி அடுக்கைக் கழுவிக் காப்பாற்றுவது என் அனுபவத்தில் நடக்காத காரியம், புதிதாக வெட்டிப் போடுங்கள். சீட் ரெக்சின் தையல் வழியாக உள்ளே ஸ்பாஞ்சுக்கும் இறங்கியிருக்கும். என்சைம் கிளீனர் (வாடைக் கறையைச் சிதைக்கிற நொதி கலந்த திரவம்) கிடைத்தால் ஸ்பாஞ்சில் நன்றாக ஊற்றி, சொதசொதவென்று சில மணி நேரம் விடுங்கள். காய்ந்துவிட்டால் அதன் வேலை நின்றுவிடும். அதோடு வினிகரையோ வெந்நீரையோ சேர்க்காதீர்கள், என்சைம் கெட்டுப்போகும். அப்புறம் வெயிலில் முழுதாகக் காய வேண்டும், ஈரத்தோடு திருப்பிப் போட்டால் மீன் வாடை போய்ப் பூஞ்சை வாடை வரும்.

நிறையப் பேர் மறப்பது சீட் பெல்ட். கடைசி வரை இழுத்து, சுருண்டுகொள்ளாமல் ஒரு கிளிப் போட்டுவிட்டு, ஷாம்பூத் தண்ணீரில் துடையுங்கள். முதல் துடைப்பில் துணி என்ன நிறத்துக்கு வருகிறது என்று பாருங்கள். ஸ்டியரிங், கியர் குமிழ், கதவுக் கைப்பிடி, தலைக்கு மேல் இருக்கும் துணி எல்லாம் மீன் கை பட்ட இடங்கள். மேல் துணியை மட்டும் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், நனைத்தால் பசை விட்டுத் தொங்கிவிடும்.

டேஷ்போர்டுக்குப் பளபளக்கிற ஆயில் போடாதீர்கள். பகலில் கண்ணாடியில் அதன் நிழல் விழுந்து ரோடு தெரியாது, தூசியும் ஒட்டும்.

உப்புக்காற்று

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மத்தியான வெயிலில் கண்ணாடி எல்லாம் ஏற்றி இரண்டு மணி நேரம் பூட்டி வையுங்கள். பிறகு கதவைத் திறந்து, இதுவரை அந்த வண்டிப் பக்கமே வராத ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மூக்கு இத்தனை நாளில் பழகிப் போயிருக்கும், அதை நம்பாதீர்கள். எங்களுக்கு எங்கள் வண்டி வாடையே தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனால்தான் பக்கத்தில் உட்கார்ந்தவர் நகர்வதில் தெரியும்.

சென்ட் எதுவும் தொங்கவிடாமல் சோதியுங்கள்.

ஆறுசக்கரம்

கடைசி வரி அருமை அக்கா. என் வண்டியில் கரி ஒரு சின்ன மூட்டை கட்டி சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறேன். மிச்சம் மீதி வாடைக்கு அது போதும்.

தோவாளைப்பூ

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், கை ஓயவில்லை.

நுரைமன்னன் சொன்ன விரிப்பைத் தூக்கினேன். கீழே தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீர்! மூலை ஓட்டையில் ஒரு ரப்பர் அடைப்பு இருந்தது, அதைப் பிடுங்கியதும் வடிந்தது. அங்கே தகரம் நல்லவேளை மேல் துருவோடு தப்பிவிட்டது. விரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்போது வெறும் ரப்பர் ஷீட்தான். சீட் ஸ்பாஞ்சை இரண்டு தடவை என்சைமில் ஊறவைத்தேன், ஓட்டுநர் பக்கம் சரியாகவில்லை, அது மட்டும் புதிது போட்டேன். பாடியில் இரண்டு இடத்தில் வெல்டிங், முழுக்க பிரைமர், பெயின்ட். பிளைவுட் போடவில்லை.

வெளியே நுரைமன்னன் சொன்ன மாதிரி துணியில் வெள்ளை ஏறியது. கை காம்பவுண்டு போட்டதில் தோள் கழன்றது, ஆனால் பானட்டில் முகம் தெரிகிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, முதல் தடவை காயவிட்டதில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. மிச்சம் இருந்த வினிகரில் துடைத்ததும் போய்விட்டது. இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர்.

முந்தாநாள் அக்கா சொன்ன சோதனை. அம்மாவைக் கூப்பிட்டேன், அவர்கள் இந்த வண்டிப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவர்கள். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்கள். "பெயின்ட் வாசம்தான் அடிக்குது" என்றார்கள். நேற்று விடியற்காலை முதல் லோடு, பிச்சியும் கேந்தியும். வியாபாரி ஏற்றுவதற்கு முன்னால் பாடிக்குள் ஏறி நின்று மூச்சை இழுத்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கி, "மூட்டையைத் தூக்குங்கடே" என்றார்.

உப்புக்காற்று

கண் நிறைந்துவிட்டது அண்ணாச்சி. எங்கள் மீன் வண்டிக்கும் ஒரு நாள் பூ ஏற்றும் யோகம் வரட்டும்.

பழைய டிங்கர்

சந்தோஷம். ஆனால் பூவுக்குத் தண்ணீர் தெளித்துத்தானே ஈரச் சாக்கு மூடுகிறாய்? அந்த ஈரமும் தரையில்தான் நிற்கும். இறக்கியதும் சாக்கை எடுத்துவிட்டுப் பின் கதவைத் திறந்தபடி ஒரு மணி நேரம் காயவிடு.

தோவாளைப்பூ

செய்கிறேன் அண்ணாச்சி. இன்னொரு சந்தேகம், இதே இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை. வைப்பருக்குக் கீழே ஜல்லடை மாதிரி இருக்கிறதே, அதற்குள் கேந்தி இதழ் நிறையப் போய்விட்டது. புளோயர் போட்டால் முகத்தில் வந்து விழுகிறது. அதை எப்படி எடுப்பது?

சும்மாவந்தவன்

விடுங்கள் அண்ணாச்சி, ஓட்டுநருக்குப் பூமாரி.

நுரைமன்னன்

அப்படியே விட்டால் உள்ளே அழுகி அடுத்த வாடை ஆரம்பிக்கும். வைப்பர் கைகளைக் கழற்றி, அந்த ஜல்லடையின் கிளிப்புகளை மெதுவாக விடுவியுங்கள், பழைய பிளாஸ்டிக் பட்டென்று உடையும். வேக்குவம் போட்டு இழுங்கள், தண்ணீர் விட்டு உள்ளே தள்ளாதீர்கள். இரண்டு ஓரத்திலும் வடிகால் ஓட்டை இருக்கும், அதையும் பாருங்கள். அங்கே செதில் கிடந்தால் படம் போடுங்கள்.